கடோற்கசனும் அலெக்சாந்தரும்

2026 ஜனவரியில், வாடைக்காற்று களப்புப் பக்கமிருந்து ஓயாமல் வீசிக்கொண்டிருந்த ஒரு மாலைப்பொழுதில், என்னிடம் தமிழிலக்கியம் பயிலும் உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி கொப்பியொன்றைக் கையிற் பிடித்தவாறு வாசலில் வந்து நின்றாள். பாடத்தில் ஏதோ ஐயம் போலும் என்றெண்ணி, "என்ன மகள்?" என்றேன். அவள் கொப்பியை விரித்து என் முன்னே வைத்தாள். அதிலே இரண்டு நிரல்கள் இருந்தன. ஒன்றின் தலைப்பில் 'காட்டிய ஆண்டு' என்றும், மற்றையதன் தலைப்பில் 'கதை நடக்கும் ஆண்டு' என்றும் எழுதியிருந்தாள். கீழே 2016க்கு எதிரே 1983, 2017க்கு எதிரே 1984, 2019க்கு எதிரே 1985, 2022க்கு எதிரே 1986, 2025க்கு எதிரே 1987 என ஐந்து வரிகள்.

"சேர், நாலு வருசக் கதைய ஒம்பது வருசமா எடுத்திருக்காங்க. பிள்ளைகள் எல்லாம் வளந்து பெரிய ஆக்களாகிட்டாங்க. கதையில மட்டும் இன்னும் பள்ளிக்கூடம் போறாங்க" என்றாள்.

'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' என்னும் அமெரிக்கத் தொடரைப் பற்றித்தான் அவள் சொன்னாள். சிற்றூர் ஒன்றிலே சிறுவன் ஒருவன் காணாமற் போவதும், மொட்டைத் தலையுடன் ஒரு சிறுமி காட்டிலிருந்து வெளிப்படுவதுமாகத் தொடங்கும் விஞ்ஞானப் புனைகதை அது. அச்சிறுமியாக நடித்த மில்லி பொபி பிரவுண் 2004 இல் பிறந்தவர். முதல் தொகுதி வெளிவந்தபோது அவருக்கு வயது பன்னிரண்டு, இறுதித் தொகுதி வெளிவந்தபோது இருபத்தொன்று. அவர் ஏற்ற பாத்திரமோ பன்னிரண்டிலிருந்து பதினாறுக்கே வந்திருந்தது. பொழுதுபோக்கைக் கணக்குப் பாடமாக்கிக்கொண்டு வந்திருக்கிறாளே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அச்சிரிப்பை அவள் கவனித்திருக்க வேண்டும். அடுத்த பக்கத்தைப் புரட்டி, "இது பகிடி இல்ல சேர்" என்றாள்.

அப்பக்கத்தில் ஒரேயொரு திகதி இருந்தது: மார்ச் 22.

காணாமற்போன சிறுவன் வில்லின் பிறந்த நாள் அது. 2017 இல் வந்த இரண்டாம் தொகுதியில் அவனைத் தீயசக்தியொன்று பற்றிக்கொள்ளுகிறது. தன்னை மறந்து கிடக்கும் மகனை மீட்கத் தாய் பழைய நினைவுகளைச் சொல்லுகிறாள். அவனுடைய எட்டாவது பிறந்த நாளை, அந்நாளின் திகதியை, அன்று வாங்கிக் கொடுத்த கிரேயோன் பெட்டியை, அவன் அதைக் கொண்டு வரைந்த விண்கலத்தை ஒவ்வொன்றாக நினைவூட்டுகிறாள். தாயின் ஞாபகமே பிள்ளையை மீட்கும் கயிறு என்பதுதான் அந்தக் காட்சியின் பொருள். பின்னர் 2022 இல் வந்த நான்காம் தொகுதியில், 1986 மார்ச் 22 என்னும் அதே நாளிலே ஒரு கதைப்பகுதி முழுவதும் நிகழ்கிறது. வில் அங்கே இருக்கிறான். அவன் நண்பர்களும் இருக்கிறார்கள். அன்று அவனுக்குப் பதினைந்து வயது நிறைகிறது என்று ஒருவராவது சொல்லவில்லை. தாயும் சொல்லவில்லை. பார்வையாளர் சுட்டிக்காட்டிய பின்பே, தொடரைப் படைத்த டஃபர் சகோதரர்கள் தாங்கள் மறந்துபோனதை ஒப்புக்கொண்டனர். பழைய தொகுதியிலே மார்ச் என்று வரும் சொல்லை மே என்று மாற்றினால் நடிகையின் வாயசைவுக்கும் பொருந்திவிடும் என்று யோசித்ததாகவும் சொன்னார்கள்.

"அவன உண்டாக்கினவங்களே மறந்திட்டாங்க சேர்" என்றாள் மாணவி. 

நான் சிரித்தது தவறு என்று அப்போது உணர்ந்தேன். அன்றியும், வயதுக் கணக்குப் பார்ப்பவரைப் பார்த்துச் சிரிக்கக் கற்பிட்டியிலே பிறந்தவருக்கு உரிமை இல்லை. 1807 இல் இவ்வூரிலே பிறந்த சைமன் காசிச்செட்டி, 1859 இல் 'தமிழ் புளூட்டாக்' என்னும் நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டவர். ஏறத்தாழ இருநூறு புலவர்களைப் பற்றிய செய்திகளைத் திரட்டி, கர்ண பரம்பரைக் கதைகளின் நடுவே காலத்தைத் தேடிய முயற்சி அது. அந்நூலிலே இடம்பெறும் ஔவையாரை எண்ணிப் பாருங்கள். மணவினைக்கு அஞ்சிய கன்னியொருத்தி பிள்ளையாரை வேண்டி, ஒரு கணத்திலே நரைத்துத் திரைத்த மூதாட்டியானாள் என்று கதை சொல்லும். சங்கத்திலும் ஓர் ஔவை, சோழர் காலத்திலும் ஓர் ஔவை; எல்லாரையும் ஒருத்தியாக்கினால் அவள் வயது நூற்றாண்டுகளைத் தாண்டிவிடும். வயது பிறழ்ந்த பாத்திரங்கள் தொலைக்காட்சி பெற்றெடுத்தவை அல்ல என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

ஆயினும் தொலைக்காட்சிக்கென்று ஒரு தனிச் சங்கடம் உண்டு. ஏட்டிலே எழுதிய பிள்ளை எழுத்தாளன் அனுமதியின்றி வளராது. திரையிலே தோன்றும் பிள்ளையோ சோறு உண்கிறது, உறங்குகிறது, எவரையும் கேளாமல் வளர்ந்துவிடுகிறது. 2004 இல் தொடங்கிய 'லொஸ்ட்' என்ற தொடரில், விமானம் விழுந்து தீவொன்றில் அகப்பட்டவர்களுள் வோல்ட் என்ற பத்து வயதுச் சிறுவனும் ஒருவன். முதலிரு தொகுதிகளின் கதை தீவிலே மூன்று திங்களுக்குள் முடிந்துவிடுகிறது. வெளியிலே இரண்டு ஆண்டுகள் சென்றுவிட்டன. நடித்த சிறுவன் மளமளவென்று உயர்ந்துவிட்டான். கதையிலே பெரும் மர்மத்துக்குரியவனாக அறிமுகமான அப்பிள்ளையை 2006 இல் படகிலேற்றித் தீவை விட்டே அனுப்பிவிட்டார்கள். பின்னர் அவன் ஒரு தோற்றமாக வந்தபோது, முன்னையிலும் உயரமாக இருந்தானே என்று கதாபாத்திரமொன்றே வியக்கவேண்டியதாயிற்று. 1985 முதல் 1989 வரை நடந்த 'ஸ்மோல் வொண்டர்' தொடரின் நிலை இன்னும் வேடிக்கை. அதிலே விக்கி என்பவள் பொறியியலாளர் ஒருவர் செய்த இயந்திரச் சிறுமி. இயந்திரம் வளருமா? நடித்த சிறுமி வளர்ந்தாள். எனவே அந்தப் பொறியியலாளர் தம் இயந்திரத்தின் முகத்தைத் திருத்தி வயது கூட்டினார் என்று கதை பண்ண நேர்ந்தது. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வில் தமிழ் வாசகர் உள்ளம் கவர்ந்தது ஜீனோ என்னும் இயந்திர நாய். நாய்க்கு வயதுச் சிக்கல் இல்லாமற் போனது சுஜாதாவின் நல்லூழ்.

இச்சங்கடத்துக்குப் படப்பிடிப்புக் கூடத்திலேயே காரணம் இருக்கிறது. கலிபோர்னியா மாநிலச் சட்டப்படி ஆறு திங்கள் நிரம்பாத சிசுவை ஒரு நாளில் இருபது நிமிடத்துக்கு மேல் நடிக்கவைக்க இயலாது. ஒன்பது வயதுக்கும் பதினைந்துக்கும் இடைப்பட்ட பிள்ளை பாடசாலை நாள்களில் ஐந்து மணித்தியாலமே நடிக்கலாம். மூன்று மணித்தியாலம் படிப்புக்கென ஒதுக்கவேண்டும். பிள்ளைகளின் நன்மைக்காக எழுந்த நல்ல சட்டம்தான். ஆனால், வசனம் பேசாத, சொன்னபடி நில்லாத, இருபது நிமிடத்தில் அழுதுவிடுகின்ற குழந்தையால் தயாரிப்பாளருக்கு ஆவது என்ன? கதையிலே பிரசவம் நிகழ்வது அவருக்கு விருப்பம். பிறந்த குழந்தை இருப்பது அவருக்குத் தொல்லை. ஆகவே குழந்தை உள்ளறைக்குப் போகிறது. சில காலம் கழித்து வாய் நிறையப் பேசும் சிறுமியாக வெளிவருகிறது. நம் வீட்டுப் பெண்கள் பார்க்கும் நெடுந்தொடர்களில் இது வெளிப்படையாகவே நடக்கும். 'மண் வாசனை' என்ற பெயரில் தமிழுக்கு வந்த இந்தித் தொடரிலே, குழந்தை மணமகளாயிருந்த ஆனந்தி 2010 இல் ஆண்டுகள் பல தாண்டி, வேறொரு நடிகையின் உருவில் குமரியாக வந்து நின்றாள். 'சில ஆண்டுகளின் பின்' என்று சொல்லித் தாண்டுவதில் ஒரு நேர்மை உண்டு. எல்லாரும் சேர்ந்தே மூப்படைகிறார்கள்.

விஞ்ஞானப் புனைகதை அவ்வாறு சொல்லுவதில்லை. அதனிடம் வேறொரு மருந்து இருக்கிறது: கலப்புப் பிறவி. 1984 இல் வந்த 'வி' என்னும் கதையில், மானிடப் பெண்ணுக்கும் வேற்றுக்கோள் ஆணுக்கும் பிறந்த எலிசபெத் சில திங்களுள் சிறுமியாகி, பின் கூட்டுப்புழுபோல் ஓர் உறையினுள் அடங்கிக் குமரியாக வெளிவந்தாள். 'ஸ்டார் டிரெக்: வோயேஜர்' தொடரில் 1996 இல் பிறந்த நயோமி, 1998 இல் பத்து வயதுச் சிறுமி ஒருத்தியின் உருவில் கப்பலிலே ஓடித் திரிந்தாள். தந்தையின் இனத்தார் விரைந்து வளர்பவர் என்பதே விளக்கம். சுற்றியிருந்த பெரியவர்களோ இரண்டு வயதே மூத்திருந்தார்கள்.

இவற்றைக் கேட்ட மாணவி, "இது கடோற்கசன்ட கத மாதிரியே இருக்கு சேர்" என்றாள். எனக்கு நாணமாயிருந்தது. அதை நானன்றோ முதலிற் சொல்லியிருக்க வேண்டும்!

உண்மைதான். வியாச பாரதத்தின் ஆதிபருவத்திலே, வீமனுக்கும் இடும்பிக்கும் பிறந்த கடோற்கசன் பிறந்த பொழுதே இளைஞனாகி விடுகிறான். அரக்க மகளிர் கருவுற்ற அன்றே ஈனுவர் என்று காரணம் கூறப்படுகிறது. நயோமிக்குச் சொன்ன காரணம்தான் இது. வளர்ந்தெழுந்த மகன் தந்தையையும் தாயையும் வணங்கி, தேவைப்படும்போது வருவேன் என்று சொல்லிப் பிரிந்து போகிறான். இதிலே இன்னொரு விந்தையும் உண்டு. அக்காவியத்தைப் பாடிய வியாசரே அவ்வாறு பிறந்தவர். யமுனையின் தீவொன்றிலே சத்தியவதிக்குப் பிறந்து, அக்கணமே வளர்ந்து, நினைத்தபோது வருவேன் என்று தாய்க்கு வாக்களித்துத் தவத்துக்குப் போனவர். குழந்தைப் பருவம் என்ற ஒன்றைத் தாமே அறியாத கவி, கடோற்கசனுக்கு அதைக் கொடுக்காது விட்டதில் வியப்பில்லை என்று நான் சிலபோது எண்ணுவதுண்டு. ஆராய்ச்சி வல்லுநர் இதை ஏற்கமாட்டார்கள். எனினும் எனக்கு இவ்வெண்ணம் பிடித்திருக்கிறது.

வாக்களித்தபடியே வியாசரைத் தாய் நினைத்தாள். குலம் தழைக்க வழிசெய்யும் பொருட்டு நினைத்தாள். கடோற்கசனையும் நினைத்தார்கள், வனவாசத்திலே நடக்கமாட்டாத பாஞ்சாலியைச் சுமப்பதற்கும், பின்னர் குருக்ஷேத்திரத்துக்கும் நினைத்தார்கள். பதினான்காம் நாட்போர் இரவிலும் தொடர்ந்தபோது, அருச்சுனனுக்கென்று கர்ணன் பேணி வைத்திருந்த சக்தி ஆயுதம் கடோற்கசன் மார்பிற் பாய்ந்தது. பாண்டவர் அழுதனர், கண்ணனோ மகிழ்ந்து கூத்தாடினான். அருச்சுனன் பிழைத்தான் அல்லவா? ஒரு நாளிலே வளர்க்கப்பட்ட பிள்ளை இதற்காகத்தான் வளர்க்கப்பட்டது போலும்.

இங்கேதான் அலெக்சாந்தரின் கதையைச் சொல்லவேண்டும். வயது பிறழ்ந்த தொலைக்காட்சிப் பிள்ளைகள் எல்லாருள்ளும் அவன் ஒருவனே என் உறக்கத்தைக் கெடுத்தவன்.

'ஸ்டார் டிரெக்'கின் இரண்டாவது பெருந்தொடர் 1987 முதல் 1994 வரை நடந்தது. அதிலே வோர்ஃப் என்பவன் கிளிங்கன் என்னும் போர்க்குடியிற் பிறந்து, பெற்றோரை இழந்து, மண்ணுலக மானிடத் தம்பதியரால் வளர்க்கப்பட்டவன். மானிடக் கலப்புடைய கிளிங்கன் பெண்ணொருத்தியை 1989 இல் வந்த கதையொன்றிலே சந்திக்கிறான். 1990 இல் அவள் மீண்டும் வரும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சிறுவன் நடந்து வருகிறான். கதையின் நாட்காட்டிப்படி அவனுக்கு ஒரு வயதுக்கு மேல் இருக்க இயலாது. கண்ணுக்கோ நாலைந்து வயதுப் பிள்ளை. அவனே அலெக்சாந்தர். அக்கதையிலேயே தாய் கொலையுண்டு விழுகிறாள். தாயின் உடல் அருகே அவனை நிறுத்தி, மரணத்தைப் பார்த்துக்கொள் என்கிறான் தந்தை. பிறகு மண்ணுலகிலுள்ள தன் வளர்ப்புப் பெற்றோரிடம் அவனை அனுப்பிவிடுகிறான். 1992 இல் வேறொரு சிறு நடிகர் அப்பாத்திரத்தை ஏற்று வந்தார். பாட்டனாரும் பாட்டியாரும் முதுமையால் இயலாமற் போய்ப் பேரனைத் தந்தையிடமே கொண்டுவந்து விடுகிறார்கள். சிறுவன் பொய் சொல்லுகிறான், பொருள் திருடுகிறான், தந்தைக்கு அவனை எப்படி வளர்ப்பதென்று தெரியவில்லை. அந்தச் சில கதைகள், விண்வெளியை மறந்துவிட்டால், எந்த ஊரிலும் நடக்கக்கூடிய தகப்பன் மகன் கதைகள்.

1994 இல் ஓர் அரிய கதை வந்தது. நாற்பதாண்டு எதிர்காலத்திலிருந்து முதியவன் ஒருவன் மாறுவேடத்தில் வருகிறான். அவன் வேறு யாருமல்லன், வளர்ந்த அலெக்சாந்தரே. தான் போர்வீரனாகாது சமாதானத்தை நாடியதால் தந்தை தன் கண்முன்னே மடிந்தார் என்னும் வேதனையோடு, தன் இளமைப் பருவத்துக்கே வந்து, தன்னை வீரனாக்க முயல்கிறான். இறுதியில் வோர்ஃப் தெளிவடைந்து, மகன் தன் வழியைத் தானே தேர்ந்துகொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறான். அழகான முடிவு. தொடரும் அவ்வாண்டே நிறைவுபெற்றது.

அடுத்த ஆண்டு வோர்ஃப் 'டீப் ஸ்பேஸ் நைன்' என்ற வேறொரு தொடருக்கு வந்து சேர்ந்தான். மகன் மறுபடியும் மண்ணுலகில், பாட்டன் வீட்டில். பிறகு, 1997 ஒக்ரோபரில், பெரும் போர் நடக்கும் கட்டத்தில், தந்தை பணிபுரியும் போர்க்கப்பலுக்குப் புதிய வீரர்கள் சிலர் வருகிறார்கள். அவர்களுள் ஒருவன் அலெக்சாந்தர். இப்போது மூன்றாவது நடிகர். தாடை இறுகிய வாலிபர். தொடரின் நாட்காட்டியை வைத்துக் கணக்கிட்டால் அந்த வாலிபனுக்கு வயது எட்டு.

கிளிங்கன் பிள்ளைகள் விரைந்து வளர்வர் என்று அன்பர்கள் சமாதானம் சொல்லுவார்கள். வளரட்டும். நான் பார்த்தது வேறொன்று. கப்பலிலே அவனுக்குப் போரும் தெரியவில்லை, வேலையும் ஓடவில்லை, சகவீரர் பரிகசிக்கின்றனர். நீங்கள் என்னைக் கைவிட்டீர்கள் என்று தந்தையிடம் குமுறுகிறான். தந்தைக்கு விடையில்லை. அந்தக் குமுறலை எழுதியவர்கள் வயதுக் கணக்கைத் தவறவிட்டவர்கள்தாம். ஆயினும் தங்களை அறியாமலே ஓர் உண்மையைத் தொட்டுவிட்டார்கள். மகனைக் காணாது ஆண்டுகளைக் கழித்த தகப்பனுக்குப் பிள்ளை அப்படித்தான் வளர்கிறது. நேற்றுத் தோள்மீது இருந்தது. இன்று எதிரே வந்து நின்று கணக்குக் கேட்கிறது. இடையில் இருந்த நாள்கள் அவன் பார்வையிலே நிகழவே இல்லை.

ஆனால் ஒன்றை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. வீரனாக வேண்டியதில்லை என்று 1994 இல் விடுவிக்கப்பட்ட பிள்ளையை, 1997 இல் போர்க்கதைக்கு ஆள் வேண்டியபோது வயது கூட்டிச் சீருடை அணிவித்து நிறுத்தியது யார்? கண்ணன் ஆடிய கூத்தை இங்கே ஒரு தயாரிப்புக் கூடம் ஆடியது. நம் நாட்டிலும் போர் நடந்த காலத்தில் பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகள் படைக்குச் சேர்க்கப்பட்டதை ஐக்கிய நாடுகள் சபையின் அறிக்கைகள் பதிவுசெய்துள்ளன. அக்காலத்தில் பிள்ளையின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தைத் தாய்மார் எவ்வளவு பத்திரமாக வைத்திருந்தார்கள் என்பதை அறிந்தவர்களுக்கு, எட்டு வயது வாலிபன் என்ற கணக்கு வெறும் கணக்குப் பிழையாகத் தோன்றாது.

இதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருக்க, மாணவி நெடுநேரம் பேசாதிருந்தாள். பின்பு கொப்பியின் ஓரத்தைச் சுருட்டியபடியே தன் வீட்டுச் செய்தி ஒன்றைச் சொன்னாள். அவளுடைய உம்மா 2012 இல் குவைத்துக்குப் பணிப்பெண்ணாகப் போனார். அப்போது இவளுக்கு வயது ஐந்து. இரண்டு ஆண்டு கழித்து விடுமுறையில் வந்தபோது மகளுக்கென்று ஒரு சோடிச் சப்பாத்துக் கொண்டு வந்தார். வெள்ளைச் சப்பாத்து, பக்கத்திலே சிவப்புப் பூ. அது காலுக்குள் நுழையவில்லை. ஐந்து வயதுக் காலுக்கு அளவான சப்பாத்து அது.

"உம்மா அழல்ல சேர். சப்பாத்த என்ட காலோட சேத்துப் பிடிச்சுப் பாத்துக்கொண்டே இருந்தாங்க."

அந்தச் சப்பாத்து இன்னும் அலமாரியில் இருக்கிறதாம். அவளுக்கும் ஆகவில்லை, தம்பிக்குப் பூப்போட்ட சப்பாத்துப் பிடிக்கவில்லை.

கடலையும் வெங்காயப் பாத்தியையும் நம்பி வாழும் எங்கள் கரையோரத்தில் இது புதுமையான செய்தியன்று. வகுப்பறையில் நான் முன்னால் நின்று பார்க்கையில், இத்தகைய சப்பாத்தோ சட்டையோ இல்லாத வீட்டுப் பிள்ளைகளை விரல்விட்டு எண்ணலாம். 2013 இல் அரசாங்கம் ஒரு விதி செய்தது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையை உடைய தாய் வெளிநாட்டுப் பணிப்பெண் வேலைக்குப் போகலாகாது என்பது விதி. தகப்பன்மாருக்கு அத்தகைய விதி எதுவும் இல்லை என்பது வேறு கதை. 2022 இல், நாடு பொருளாதார நெருக்கடியில் தத்தளித்தபோது, அமைச்சரவை அந்த ஐந்தை இரண்டாக்கியது. வறுமை வந்தபோது பிள்ளையின் வயதெல்லை மூன்று ஆண்டு குறைந்தது. கதாசிரியர் மாத்திரமே பிள்ளைகளின் வயதைத் தம் தேவைக்கு ஏற்ப மாற்றுகிறார்கள் என்று எண்ண வேண்டியதில்லை.

இரண்டு ஆண்டு என்றதும் என் மனத்திலே பட்டது பிள்ளைத்தமிழ். தமிழிலே குழந்தையின் வயதை இவ்வளவு பொறுமையோடு பார்த்த இலக்கியம் பிறிதொன்று இல்லை. பாட்டுடைத் தலைவர் கடவுளாயிருக்கலாம். குலோத்துங்கன் போன்ற மன்னராயிருக்கலாம். அவரைக் குழந்தையாக்கி, மூன்றாந் திங்களில் தொடங்கி இருபத்தோராந் திங்கள் வரை, ஒற்றைப்படைத் திங்களுக்கு ஒரு பருவமாகப் பத்துப் பருவம் பாடவேண்டும் என்பது மரபு. உலகாளும் தலைவராயினும் தவழாமல் நடக்கக் கூடாது. தாலாட்டாமல் உறங்கக் கூடாது. சப்பாணி கொட்டாமல் அடுத்த பருவத்துக்குப் போகக் கூடாது. முஸ்லிம் புலவர்களும் நபிகள் நாயகத்தின் மீதும் இறைநேசர் மீதும் பிள்ளைத்தமிழ் பாடியிருக்கிறார்கள். போர் வரும்போது அழைப்போம் என்று பிள்ளையை அனுப்பிவிடுகிற காவியத்துக்கும், கால்முளைத்த நாள்தொட்டு ஒவ்வொரு திங்களும் அருகே அமர்ந்திருக்கிற இந்தச் சிற்றிலக்கியத்துக்கும் எவ்வளவு தூரம்! பிள்ளைத்தமிழிலே கதை நகராது என்று குறை கூறுவோர் உளர். நகராதுதான். குழந்தையின் அருகே இருப்பவர்கள் எங்கே நகருவது?

மறுநாள் வகுப்பு முடிந்த பின், பத்துப் பருவங்களையும் திங்கள் கணக்கோடு எழுதித் தருமாறு அவள் கேட்டாள். கரும்பலகையில் எழுதினேன். மூன்று காப்பு, ஐந்து செங்கீரை, ஏழு தால், ஒன்பது சப்பாணி என்று அவள் ஒவ்வொன்றாகக் கொப்பியில் இறக்கினாள். முந்திய நாள் கண்ட அந்த இரண்டு நிரல்களுக்கு அருகே மூன்றாவது நிரலாக.

"உம்மா போகக்குள்ள தம்பிக்குப் பதினொரு மாசம் சேர்" என்றாள். "பதினொண்டுக்கு என்ன?"

"முத்தம்."

எழுதினாள். சிறிது பொறுத்து, "பதின்மூண்டுக்கு?" என்றாள்.

"வருகைப் பருவம். தளர்நடையிட்டு வா, வா என்று தாய் பிள்ளையை அழைப்பது."

அவள் பேனையை மூடிவிட்டு, அந்த இடத்தை வெறுமையாக விட்டாள். உம்மாவிடம் கேட்டு எழுதிக்கொள்ளுகிறேன் என்று சொல்லிப் போனாள்.